காலையில் உட்கார்ந்துவிடும் வண்டி: ஏர் சஸ்பென்ஷன் கம்ப்ரசரைத் தேடிச் சோதித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நான்கு சக்கரங்களிலும் ஏர் ஸ்பிரிங் (கம்ப்ரசர் அனுப்பும் காற்றால் வண்டியைத் தாங்கும் ரப்பர் பை) உள்ள, ஏழு பேர் அமரக்கூடிய ஒரு எஸ்யூவி. வயது பத்து ஆண்டைத் தாண்டிவிட்டது. புகார் இதுதான்: இரவு நிறுத்திவைத்தால் காலையில் வண்டி முழுவதும் கீழே உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் மெதுவாக எழும்புகிறது. சில நாள் பாதி உயரத்திலேயே நின்றுவிடுகிறது, அப்புறம் டாஷ்போர்டில் சஸ்பென்ஷன் விளக்கு மஞ்சளாக எரிகிறது. வேறொரு இடத்தில் ஏற்கெனவே பார்த்துவிட்டு, "கம்ப்ரசர் போச்சு, புதுசுதான் போடணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உரிமையாளர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: உண்மையிலேயே போய்விட்டதா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஏர் சஸ்பென்ஷனில் எங்கே கோளாறு வந்தாலும் கடைசியில் மூச்சு வாங்குவது கம்ப்ரசர். அதனால் பழியும் முதலில் அதன் மேல்தான் விழும். கம்ப்ரசர் கெடவே கெடாது என்று சொல்ல வரவில்லை. பிஸ்டன் ரிங் தேயும், கார்பன் பிரஷ் தேயும், மோட்டார் எரியும். ஆனால் அது ஏன் கெட்டது என்று பார்க்காமல் மாற்றினால், புதியதும் பழையது போன வழியிலேயே போகும்.

ஸ்கேனரை மாட்டியதும் இரண்டு கோட் (கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுதுக் குறிப்பு) கிடைத்தன. ஒன்று, ஏர் டேங்க் நிரம்ப அதிக நேரம் ஆகிறது. இரண்டு, கம்ப்ரசர் வெப்பம் வரம்பைத் தாண்டியது. உயரத்தை அளக்கும் சென்சார்களில் எந்தக் கோட்டும் இல்லை. நான்கின் லைவ் டேட்டாவும் சீராகவே இருந்தது. முதல் கோட் கம்ப்ரசரைத்தான் காட்டுகிறது என்று பலர் படித்துக்கொள்வார்கள். அது சொல்வது காற்று மெதுவாகச் சேர்கிறது என்பதை மட்டும். மெதுவாகச் சேர்வதற்கு மூன்று வழி உண்டு: காற்று குறைவாக உற்பத்தியாவது, உற்பத்தியான காற்று வழியில் ஓடிவிடுவது, உற்பத்தி செய்கிற மோட்டாருக்குப் போதிய கரண்ட் கிடைக்காமல் போவது. எது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

எங்கே இருக்கிறது?

சோதிக்க வேண்டுமென்றால் முதலில் கண்ணில் பட வேண்டும். வண்டியோடு வரும் கையேட்டில் கம்ப்ரசரின் இடம் பெரும்பாலும் இருக்காது. ஒரு நிறுவனத்தின் வண்டிகளிலேயே மாடலுக்கு மாடல் இடம் மாறும். ரேஞ்ச் ரோவர் எல்322-இல் டிக்கித் தரைக்குக் கீழே ஸ்டெப்னி வைக்கும் குழியில் இருக்கிறது. பிஎம்டபிள்யூ எக்ஸ்5-இன் முதல் தலைமுறையான இ53-இலும் அதே குழிதான். லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-இல் வண்டிக்கு அடியில், இடது பின்சக்கரத்துக்கு முன்னால், சேஸிஸ் சட்டத்தை ஒட்டித் தொங்குகிறது. மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் டபிள்யூ220-இல் முன்பக்கம், வலது சக்கரத்துக்கு முன்னால் பம்பரின் உட்புறம். ஆக, "எப்பவும் டிக்கியில்தான் இருக்கும்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் பார்த்தது அந்த ஒரு வண்டியாக இருக்கும்.

பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடத் தேடும் முறையைத் தெரிந்துகொள்வது உதவும். நான் முதலில் டிக்கித் தரையைத் தூக்கிப் பார்த்தேன், ஏனென்றால் அதுதான் சுலபம். அங்கே ஜாக்கும் ஒரு பழைய துணியும் மட்டும் கிடந்தன. அடுத்தது காது. எஞ்சின் ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும். ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் வண்டியைச் சுற்றி நடந்தால் போதும். பழுதான வண்டியில் இதற்கு ஒரு இடைஞ்சல்: வெப்பப் பாதுகாப்பு வந்து கம்ப்ரசரைச் சீக்கிரமே நிறுத்திவிடும், அப்புறம் குளிரும் வரை எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் சத்தம் வராது. பல வண்டிகளில் இந்த வெப்பம் சென்சார் அளப்பது மட்டுமில்லை. எவ்வளவு நேரம் ஓடியது என்பதை வைத்து கம்ப்யூட்டரே கணக்குப் போடும். தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும், ஆனாலும் ஓட விடாது. பொறுமையாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

காதுக்கு எட்டாவிட்டால் குழாயைப் பின்தொடரலாம். ஒவ்வொரு ஏர் ஸ்பிரிங்குக்கும் ஒரு மெல்லிய நைலான் குழாய் போகும். எல்லாம், காற்றை அந்தந்த ஸ்பிரிங்குக்குப் பிரித்து விடும் வால்வு பிளாக்கில் வந்து கூடும். வால்வு பிளாக்கிலிருந்து தனியாகப் பிரிந்து போகிற குழாய்களில் ஒன்று டேங்குக்கும் இன்னொன்று கம்ப்ரசருக்கும் போகும். இன்னொரு தடயம் வயர். சென்சார்களுக்கும் வால்வுகளுக்கும் போவது நூல் போன்ற வயர். கம்ப்ரசர் மோட்டாருக்கு மட்டும் தடித்த இரண்டு வயர் போகும், அதை மறைக்க முடியாது.

இந்த வண்டியில் சத்தம் இடப்பக்கம் அடியிலிருந்து வந்தது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கூடு. உள்ளே சத்தத்தை அடக்க ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. அந்த ஸ்பாஞ்ச் சேற்றையும் ஈரத்தையும் நன்றாகக் குடித்து வைத்திருந்தது. கம்ப்ரசர் ரப்பர் புஷ்களில் தொங்கியது. அதிலிருந்து மூன்று வழி: வால்வு பிளாக்குக்குப் போகும் அழுத்தக் குழாய், காற்றை உறிஞ்ச மேலே பாடிக்குள் ஏறும் ரப்பர் குழாய், காற்றை வெளியே விடும் சைலன்சர். உறிஞ்சும் குழாய் கழன்று கூட்டுக்குள்ளேயே கிடந்தால் கம்ப்ரசர் சேற்றுத் தண்ணீரைக் குடித்துச் சாகும். இங்கே அது ஒழுங்காகவே மாட்டியிருந்தது.

அடியில் கை வைக்கும் முன்

ஏர் சஸ்பென்ஷன் வண்டியின் அடியில், ஸ்பிரிங்கை நம்பி யாரும் நுழையக் கூடாது. ஒரு வால்வு திறந்தால் போதும், வண்டி சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும். சேஸிஸில் ஸ்டாண்டு கொடுத்து, சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிய பிறகுதான் வேலை. வண்டி தானாக உயரத்தை மாற்றாமல் தடுக்கும் ஜாக் மோடு இருந்தால் அதையும் போட வேண்டும். குழாயை அவிழ்க்கும் முன் அந்தச் சுற்றின் காற்றை ஸ்கேனர் வழியாக வெளியேற்ற வேண்டும். பல வண்டிகளில் டேங்கின் அழுத்தம் 15 பாரைத் தாண்டும். டயரில் இருப்பதைப்போல் ஆறேழு மடங்கு அது. இன்னொன்றும் உண்டு. காற்றில்லாத ஏர் ஸ்பிரிங்கின் மேல் வண்டியின் எடையை அப்படியே இறக்கினால், ரப்பர் தப்பாக மடிந்து நசுங்கும். இறக்குவதற்கு முன் கொஞ்சமாவது காற்று ஏற்றியிருக்க வேண்டும்.

எல்லா வண்டியிலும் இப்படிக் குழாயை அவிழ்த்துப் பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011 மாடல் முதல் வந்த ஜீப் கிராண்ட் செரோக்கியின் குவாட்ரா-லிஃப்ட் போன்றவை மூடிய சுற்று. வெளிக்காற்றை உறிஞ்சி வெளியே விடுவதில்லை, உள்ளே நைட்ரஜன் இருக்கும். கீழே சொல்லும் சில சோதனைகள் அவற்றுக்குப் பொருந்தாது.

எந்த மூலை கசிகிறது?

வண்டி முழுவதும் சமமாகக் கீழே இறங்குகிறது என்றால் நான்கு ஸ்பிரிங்கும் கசிகிறதா? இல்லவே இல்லை. சில வண்டிகளில் நிறுத்திவைத்த பிறகும் கம்ப்யூட்டர் அவ்வப்போது விழித்துப் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால், வண்டி கோணலாக நிற்காமல் இருக்க, மற்ற மூன்றையும் அதே அளவுக்கு இறக்கிவிடும். எஞ்சின் ஓடாததால் ஏற்றுவதற்கு வழியில்லை, இறக்க மட்டும்தான் முடியும். விடியும்போது நான்கும் ஒன்றாகத் தரையில். கசிவது யார், துணைக்குப் போனது யார் என்று பார்த்தால் தெரியாது.

அதற்கு வழி எளிது. வண்டியை வழக்கமான உயரத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து வீல் ஆர்ச்சின் விளிம்பு வரை நான்கு இடத்திலும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டேன். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் நுழைந்துவிடும், மையத்திலிருந்து அளந்தால் அந்தக் குழப்பம் இல்லை. பிறகு சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றி இரவு முழுக்க விட்டோம். காலையில் முன் இடது மட்டும் 60 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மற்ற மூன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்.

ஏர் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த முன் இடது ஸ்டரட்டின் மேல் முனையில் குழாய் நுழையும் ஃபிட்டிங்கில் சோப்புத் தண்ணீர் தெளித்ததும் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. சட்டென்று பெருகவில்லை. அரை நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும். ஸ்பிரிங்கின் ரப்பரில் ஒன்றுமில்லை. மடிப்பு விழும் இடத்தில் வேறு வேறு உயரத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு உயரத்தில் அடைந்திருக்கும் வெடிப்பு இன்னொரு உயரத்தில் திறந்துகொள்ளும் என்பதால் இதை ஒரே ஒரு நிலையில் பார்த்து முடிக்கக் கூடாது.

குழாய் முனையை நேராக வெட்டும் கட்டரால் சில மில்லிமீட்டர் நறுக்கி, புதிய ஃபிட்டிங் போட்டதும் கசிவு நின்றது. கத்தியால் சாய்வாக வெட்டினால் மறுபடியும் கசியும். பலர் சறுக்குவது இங்கேதான்.

சரி, கசிவு கிடைத்துவிட்டது. ஆனால் இவ்வளவு சின்னக் கசிவு ஓடுகிற கம்ப்ரசரைத் தோற்கடிக்காது. ஒரு இரவில் இறங்குவதை அது ஒரு நிமிடத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். ஆகவே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

சத்தம் கொடுத்த துப்பு

ஸ்கேனரின் அவுட்புட் டெஸ்ட்டில் கம்ப்ரசரை ஓட்டினால் சத்தம் கனமாக, இழுத்து இழுத்து வந்தது. அடுத்து கனெக்டரைக் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வைத்த தடித்த வயரில் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தேன். சில நொடிகள் மட்டும்தான், ஏனென்றால் அப்போது வால்வு பிளாக் மூடியிருக்கும், காற்றுக்குப் போக இடம் கிடையாது. அந்தச் சில நொடிகளிலேயே சத்தம் மெலிந்து விறுவிறுவென்று மாறியது. அதே மோட்டார், அதே பிஸ்டன். மாறியது வயர் மட்டும்.

இந்த நேரடிச் சோதனையைப் பலர் செய்கிறார்கள், ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு பாதிதான். ஓடினால் "கம்ப்ரசர் நல்லா இருக்கு" என்றும், ஓடாவிட்டால் "போச்சு" என்றும் சொல்லிவிடுவார்கள். ஓடுகிறதா என்பதோடு எப்படி ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கனெக்டரைத் திரும்ப மாட்டி, மோட்டார் ஓடும்போதே பின்பக்கமாக முள் செருகி அளந்தேன். எஞ்சின் ஓடுகிறது, பேட்டரியில் 14.1 வோல்ட். கம்ப்ரசர் முனையில் 10.4. நடுவில் 3.7 வோல்ட் காணாமல் போயிருந்தது. கிளாம்ப் மீட்டர் 22 ஆம்பியர் காட்டியது. இந்த 22-ஐ மட்டும் பார்த்தவர் நிம்மதியாகப் போயிருப்பார், ஏனென்றால் இந்த வகை மோட்டாருக்கு அது வழக்கமான அளவு. அங்கேதான் ஏமாற்றம். இதுபோன்ற காந்த மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கும் என்பது அது தள்ளுகிற லோடைப் பொறுத்தது. எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பது வோல்ட்டைப் பொறுத்தது. வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறக்குறைய அப்படியே இருக்கும், வேகம் மட்டும் சரியும். ஃபியூஸும் போகாது. கம்ப்ரசர் நிதானமாக ஓடி, நெடுநேரம் ஓடி, சூடாகி நிற்கும். கோட் இரண்டும் வந்துவிட்டன அல்லவா?

3.7 வோல்ட்டையும் துண்டு துண்டாகத் தேடினேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையைக் கம்ப்ரசரின் எர்த் வயரில் வைத்தால், மோட்டார் ஓடும்போது 2.2 வோல்ட். அங்கே ஏறக்குறைய பூஜ்யம் இருக்க வேண்டும். மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயின் காண்டாக்டுக்குக் குறுக்கே 1.1. மீதி 0.4 வயரிலும் கனெக்டரிலும், அதை விட்டுவிடலாம்.

எர்த் வயரைத் தொடர்ந்து போனால், சேஸிஸில் போல்ட் போட்டிருந்த இடம் சேற்றுக்கு அடியில் கிடந்தது. வயர் முனையின் உலோக வளையமான லக்கைக் கழற்றினால் உள்ளே பச்சையாக அரிப்பு. இதை ஓம் மீட்டரில் கண்டுபிடித்திருக்க முடியுமா என்றால், கஷ்டம். 22 ஆம்பியரில் 2.2 வோல்ட் என்றால் தடை 0.1 ஓம்தான், சாதாரண மீட்டரின் வயரிலேயே அவ்வளவு தடை இருக்கும். லோடு கொடுத்து வோல்ட்டை அளப்பது ஒன்றுதான் நம்பகமான வழி. இந்த 0.1 ஓம் ஏறக்குறைய 48 வாட் சக்தியை வெறும் சூடாக மாற்றிக்கொண்டிருந்தது. ரிலேயில் 24 வாட். ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 24 வாட் என்றால் சாக்கெட் பழுப்பேறியதில் ஆச்சரியமில்லை.

லக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது லக் அடித்து, போல்ட்டைச் சுற்றி கிரீஸ் பூசினேன். ரிலேயை மாற்றியாக வேண்டும். தேய்ந்த காண்டாக்ட் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும், அப்போது சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். பேட்டரி காலியாகும் அல்லது மோட்டார் எரியும். கம்ப்ரசர் மாற்றுகிற யாரும் ரிலேயை விட்டுவிடக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. இங்கே முதலில் பார்த்தவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டில் ரிலே என்ற சொல்லே இல்லை.

மறுபடி அளந்தபோது கம்ப்ரசர் முனையில் 13.5 வோல்ட்.

இப்போது அழுத்தம்

கம்ப்ரசரை நியாயமாகச் சோதிக்க இதுவே நேரம். கசிவு இல்லை, கரண்ட் சரியாக வருகிறது. இதற்கு மேலும் தோற்றால் பழி அதனுடையதுதான். வெளியேறும் குழாயில் நேரடியாகக் கேஜை மாட்டி ஓட்டுவதை நான் விரும்புவதில்லை. நிரம்ப இடமில்லாததால் முள் ஒரு நொடியில் பாய்ந்து ரிலீஃப் வால்வில் முட்டும். தேய்ந்த ரிங்கும் அந்தச் சோதனையில் ஓரளவு தேறிவிடும். வண்டியின் டேங்கையே அளவுகோலாக வைத்து, அழுத்த சென்சாரை ஸ்கேனரில் பார்த்தபடி நிரப்புவது மேல். எர்த்தைச் சரி செய்யும் முன் இதே டேங்க் 11 பாருக்கு மேல் ஏறாமல் வெப்பப் பாதுகாப்பில் நின்றது. இப்போது 16 பார் வரை தடையில்லாமல் ஏறித் தானாகவே நின்றது. நிறுத்திய பின் அழுத்தம் இறங்கவில்லை. வெளியேற்றும் சைலன்சர் வாயில் தடவிய சோப்புத் தண்ணீரும் அசையவில்லை. அதாவது எக்ஸாஸ்ட் வால்வும் மூடுகிறது.

கம்ப்ரசர் போகவில்லை என்று அங்கேயே சொல்லிவிடலாம். இருந்தாலும் டிரையரைத் திறக்காமல் விட மனம் வரவில்லை.

காரணம் இது. உள்ளே போகும் காற்று டிரையரில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளின் வழியாகப் போகிறது. வண்டி இறங்கும்போது அதே உலர்ந்த காற்று எதிர்த்திசையில், அழுத்தம் குறைந்து விரிந்தபடி, அதே மணிகள் வழியாக வெளியேறி அவற்றின் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. இப்படி ஏறி இறங்கும் வரை டிரையர் தன்னைத்தானே காய வைத்துக்கொள்ளும். கசிவு இருந்தால் காற்று வேறு வழியில் போய்விடுகிறது. ஈரம் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. கசிவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் மாதக்கணக்கில் நீடித்தால் மணிகள் ஊறி, உடைந்து, வெள்ளைப் பொடியாகி வால்வு பிளாக்கிலும் சைலன்சரிலும் போய் அடையும். ஊறிய டிரையரைத் தாண்டிய தண்ணீர் குளிர்காலத்தில் குழாயில் உறைவதும் உண்டு.

திறந்தபோது மணிகளில் கீழ்ப் பாதி பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. சைலன்சரில் கொஞ்சம் பொடி. வால்வு பிளாக்குக்குள் இன்னும் போகவில்லை, அதுதான் பெரிய ஆறுதல். மணிகளை அடுப்பில் காய வைத்துத் திரும்பப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். முழு மணியாக இருந்தால் அதில் அர்த்தம் உண்டு, பொடிந்ததைக் காய வைத்தால் காய்ந்த பொடிதான் கிடைக்கும். புது மணி, புது ஓ-ரிங். கிட்டில் பிஸ்டன் ரிங்கும் வந்ததால் அதையும் மாற்றினேன். சிலிண்டர் சுவரில் கீறல் இல்லை. உறிஞ்சும் வழியின் ஃபில்டரும் மாறியது. கூட்டின் ஸ்பாஞ்சை எறிந்துவிட்டுப் புதியது ஒட்டினேன்.

எது முதலில்?

கசிவுதான் முதலில் வந்தது என்று நினைக்கிறேன். டிரையர் ஊறியிருந்த அளவு ஒரு மழைக்காலத்தில் வந்ததாகத் தெரியவில்லை. கசிவால் கம்ப்ரசர் அடிக்கடி ஓடியது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் ரிலே காண்டாக்டில் பொறி பறந்து அது தேய்ந்தது. எர்த் அரித்தது தனிக் கதை. சேறும் ஈரமும் செய்த வேலை, கசிவோடு அதற்குத் தொடர்பில்லை. கசிவு மட்டும் இருந்திருந்தால் கம்ப்ரசர் இன்னும் நெடுநாள் சமாளித்திருக்கும். எர்த் மட்டும் கெட்டிருந்தால் தினமும் தரையிலிருந்து தூக்க வேண்டிய தேவை வந்திருக்காது, யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் விளக்கு எரிந்தது.

முதலில் சொன்னபடி புதுக் கம்ப்ரசர் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வண்டி எழும்பியிருக்கும். புது ரிங், புது டிரையர், குறைந்த வோல்ட்டிலும் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்திருக்கும். விளக்கு அணைந்திருக்கும், எல்லாருக்கும் திருப்தி. கசிவும் எர்த்தும் ரிலேயும் அப்படியே இருந்திருக்கும்.

கோட்களை அழித்து, கம்ப்யூட்டரின் வெப்பக் கணக்கு இறங்கும் வரை விட்டு, வண்டியை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். உயரச் சென்சார்களை நாங்கள் தொடவே இல்லை, அதனால் அளவுகளைப் புதிதாகப் பதிவு செய்யத் தேவை வரவில்லை. ஃபியூஸ் கழற்றிய இரவுச் சோதனையை மறுபடி வைத்தோம்: முன் இடது 2 மில்லிமீட்டர், மற்றவை அதற்கும் குறைவு. ஃபியூஸ் போட்ட இரவில் வண்டி நிறுத்திய உயரத்திலேயே நின்றது.

வேலைச் சீட்டின் கடைசியில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். பின் வலது ஏர் ஸ்பிரிங்கின் மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன; இப்போது கசிவில்லை, அடுத்த டயர் மாற்றத்தின்போது சக்கரம் கழன்றிருக்கும் நேரத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்க்க வேண்டும். முன் வலது ஃபிட்டிங்குக்கும் அதே வயது, அதையும் சேர்த்து.